பவர் சீட்டுக்குள் தூங்கும் வசதிகள்: கடலூர், சிதம்பரம் கார்க்காரர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

சிதம்பரம் கீழ வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ காரை நிறுத்தினால் கதவைப் பாதிதான் திறக்க முடியும். ஒரு பக்கம் கடை வாசல், மறுபக்கம் உரசிக்கொண்டு நிற்கும் பைக். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் முழங்காலை மடக்கி ஒரு வழியாக வெளியே வருவதற்குள், மூட்டு வலி உள்ளவர்களுக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. இத்தனைக்கும் அவர்கள் ஓட்டிவந்த காரிலேயே, எஞ்சினை நிறுத்தியதும் சீட் தானாகப் பின்னுக்குப் போய் வழிவிடும் வசதி இருக்கலாம். யாரும் எடுத்துச் சொல்லாததால் பயன்படாமலே கிடக்கும்.

இன்றைய கார்களில் சீட், கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணினிப் பெட்டி இருக்கிறது. பெரும்பாலும் ஒரே பெட்டியைத்தான் பல நாடுகளுக்கும் பல ரகங்களுக்கும் பொருத்துகிறார்கள். எந்த வசதி இயங்கலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை அதற்குள் எழுதிவைத்த எண்கள் முடிவுசெய்கின்றன. அந்த எண்களை மாற்றுவதுதான் கோடிங். செய்யத் தெரிந்தவர்கள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டார்கள். அவர்களிடம் காரைக் கொடுப்பதற்கு முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை இவை.

1. முதலில் காரின் திரையைத் தேடுங்கள். பலர் கோடிங்குக்குப் பணம் கொடுக்கத் தயாராகும் வசதி, செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக அணைந்து கிடக்கும். சீட்டின் நிலையைப் பதிந்துவைக்கும் நினைவுப் பட்டன் உள்ள ஹூண்டாய், கியா கார்களில் வாகன அமைப்புகளுக்குள் போய் 'சீட்' என்ற பகுதியைத் திறந்தால், ஏறி இறங்கச் சீட் நகரும் வசதிக்கு ஒரு தேர்வு இருக்கும். 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி 700இன் உயர் ரகத்தில் ஓட்டுநர் சீட் பின்வாங்கி வரவேற்கும் வசதி தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. 2023இல் புதுப்பிக்கப்பட்ட டாடா ஹாரியர், சஃபாரியின் உயர் ரகங்களிலும், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸின் உயர் ரகத்திலும் அதே வசதி உண்டு. கார் வாங்கிய நாளில் மாலையும் படமுமாக நடக்கும் விழாவில் இதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை நிழலில் நிறுத்தி, எல்லா மெனுவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

2. கையேட்டின் பின்பகுதியைப் படியுங்கள். டொயோட்டா கையேடுகளில் உரிமையாளர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடியவற்றின் பட்டியல் ஒன்று இருக்கும். எதைத் திரையிலேயே மாற்றலாம், எதைச் சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற முடியும் என்று அதிலேயே குறித்திருப்பார்கள். இறங்கும்போது சீட் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதும், அந்த வசதி உள்ள மாடல்களில், அந்தப் பட்டியலில் வரும். அடுத்த சர்வீஸுக்கு விடும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி, வேலைச் சீட்டில் எழுதிவையுங்கள். நிறுவனமே செய்துதரும் மாற்றத்தில் வாரண்டித் தகராறுக்கு இடமில்லை.

3. சீட்டில் 1, 2 என்ற பட்டன்கள் இருக்கின்றனவா? இந்தக் குறிப்புகளில் மிக முக்கியமானது இதுதான். பவர் சீட் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண பவர் சீட்டில் சுவிட்சை அழுத்தினால் மோட்டாருக்கு நேராக மின்சாரம் போகும், விட்டால் நிற்கும். நடுவில் கணினி ஏதும் இல்லாததால், அங்கே கோடிங் செய்ய எண்களே கிடையாது. நினைவுள்ள சீட்டில் மட்டுமே மோட்டாரின் சுற்றுகளை எண்ணும் சென்சாரும், சீட் இப்போது எங்கே நிற்கிறது என்று அறிந்த பெட்டியும் இருக்கும். தானாக நகர, அந்த அறிவு வேண்டும். கதவிலோ சீட்டின் பக்கவாட்டிலோ 1, 2 என்ற பட்டன்களும், பதிவுசெய்ய இன்னொரு பட்டனும் இருந்தால் மேலே படியுங்கள். குஷாக், ஸ்லேவியா, டைகுன், வர்ட்டஸ், 2020இல் வந்த கிரெட்டா ஆகியவற்றின் பவர் சீட்டுகள் நினைவில்லாத ரகம். அவற்றில் சீட்டைத் தானாக நகர வைத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

4. நினைவுள்ள சீட்டில் பொதுவாக எழுப்பக்கூடியவை இவை: இறங்கும்போது பின்னுக்குப் போய், மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பழைய இடத்துக்கு வருவது; இரண்டு சாவிகளுக்கு இரண்டு நிலைகளைத் தனித்தனியாக நினைவில் வைப்பது; பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஒருமுறை தட்டினால் போதும் என்று ஆக்குவது; ரிவர்ஸ் கியர் போட்டதும் இடப்பக்கக் கண்ணாடி குனிந்து சாலை ஓரத்தைக் காட்டுவது. கடைசியில் சொன்னது சீட்டோடு சேர்ந்த வசதிதான், ஏனெனில் கண்ணாடியின் நிலையும் அதே நினைவில் பதிவாகிறது. சாக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்க வேண்டிய நம் தெருக்களில் இது பெரிய உதவி. எந்தக் காரில் எது கிடைக்கும் என்பது மாடலையும் ஆண்டையும் பொறுத்தது. ஸ்கேனரில் படித்துப் பார்த்துவிட்டுத்தான் யாரும் உறுதி சொல்ல முடியும்.

5. எண்ணை மாற்றி இரும்பைக் கொண்டுவர முடியாது. சீட்டுக்குள் காற்று விசிறி இல்லாமல் குளிர் சீட் வராது. பின்சீட்டில் உட்கார்ந்தபடி முன்சீட்டைத் தள்ளும் பட்டன் ஸ்கோடா சூப்பர்பிலும் சஃபாரியின் உயர் ரகத்திலும் இருக்கிறது. பட்டனும் வயரும் இல்லாத காரில் அதைக் கோடிங்கால் வரவழைக்க வழியில்லை.

6. எந்தக் காருக்கு எந்தக் கருவி? ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன், ஆடிக்கு அமெரிக்காவின் ராஸ்டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ், லித்துவேனியாவின் ஓபிடிலெவன் இரண்டும் பழகியவை. பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்கோட் என்ற செயலி. 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்கள் நம் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலேயே கோக்கப்படுகின்றன. பழைய கார்ச் சந்தையில் அவை இப்போது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் வருகின்றன. ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன். மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டும் எண்டெவரும் இன்னும் நிறைய ஓடுகின்றன. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, அந்த வண்டிக்காரர்கள் பலருக்கும் ஃபோர்ஸ்கேன் கைகொடுக்கும் கருவியாகிவிட்டது. எண்டெவரில் பவர் சீட் இருக்கும். ஆனாலும் மூன்றாம் குறிப்பில் சொன்ன சோதனையை அங்கேயும் செய்துவிட்டே வேலையில் இறங்குங்கள்.

7. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 ஊசித் துளைகள் கொண்ட ஓபிடி போர்ட் இருக்கும். கருவியின் அடாப்டரை அதில்தான் செருக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலி அடாப்டர்கள் எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறது என்று படிக்க உதவலாம். எழுதும் வேலைக்கு வாங்காதீர்கள். பாதி எழுதி நின்றுவிட்டால் சீட் பெட்டி குழம்பிப்போகும். ஃபோர்டில் சில பெட்டிகள் வேறொரு வேகத்தில் பேசும் தனி இணைப்பில் இருப்பதால், இரண்டு இணைப்பையும் மாற்றிப் பேசும் அடாப்டர் தேவை. வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். போர்ட்டிலேயே கிடந்தால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

8. பேட்டரியைச் சோதிக்காமல் தொடங்கக் கூடாது. எஞ்சின் அணைந்து, இக்னிஷன் மட்டும் போட்ட நிலையில் வேலை நடக்கும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2க்கு இறங்கினால் பாதிதான். மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் சார்ஜரை மாட்டிக்கொண்டு செய்வதே நல்லது. அந்தச் சார்ஜர் ஓடுவதும் வீட்டுக் கரண்டில்தான் என்பதால், மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளைத் தவிருங்கள். கோடிங்கில் எழுதுவது சில எண்கள் மட்டுமே, நொடிகளில் முடியும். பெட்டியின் மென்பொருளையே மாற்றும் வேலை வேறு. அதில் மின்சாரம் அறுந்தால் பெட்டியே செத்துப்போகலாம். உங்கள் காருக்குச் செய்யப்போவது இரண்டில் எது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

9. பழைய எண்களைப் படம் எடுத்து வையுங்கள். ஃபோக்ஸ்வேகன் குழும கார்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் உண்டு: ஓட்டுநர் சீட் நினைவுக்கு 36, மைய மின்சாரத்துக்கு 09, ஏர்பேக்குக்கு 15. மாற்றுவதற்கு முன் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று திரையைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பிம்மர்கோட் தானே ஒரு நகலைச் சேமித்துக்கொள்ளும். ஃபோர்டில் தொழிற்சாலை எழுதிய மூல எண்களைச் சேசிஸ் எண்ணைக் கொண்டு திரும்ப எடுக்க முடியும். இருந்தாலும் உங்கள் கையில் ஒரு நகல் இருக்கட்டும். நகல் எடுக்காமல் வேலையைத் தொடங்குகிறவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

10. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தாறு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்தபின் கோளாறு வந்தால், எதனால் வந்தது என்று தேடியே நாள் போய்விடும்.

11. ஏர்பேக் பெட்டியையும் சீட் பெல்ட் எச்சரிக்கையையும் தொடவே கூடாது. "அந்த டிங் டிங் சத்தத்தையும் எடுத்துடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பெல்ட் நினைவூட்டலும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும் சட்டப்படி கட்டாயம். பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி அபராதம் 1000 ரூபாய். பணத்தை விடுங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே உள்ள 45 கிலோமீட்டர் சாலையில் லாரி, பஸ், மாட்டு வண்டி, நெல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் கலந்து போகின்றன. அந்தச் சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் அந்தச் சத்தத்தை அணைக்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் தெரியும் கனெக்டர்கள் ஏர்பேக்கையும் பெல்ட்டையும் சேர்ந்தவை. இக்னிஷன் போட்டிருக்கும்போது அவற்றைக் கழற்றக் கூடாது. சீட்டை வெளியே எடுக்கிற வேலை இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே செய்யுங்கள்.

12. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் இறங்கச் சீட் பின்னுக்குப் போகும்போது, பின்சீட்டில் தூங்கும் குழந்தையின் கால் நடுவில் இருக்கலாம். ஜன்னல் கண்ணாடியில் கை பட்டால் திரும்பி இறங்கும் பாதுகாப்பு பல கார்களில் இருக்கிறது. சீட்டிலும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தூரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் மிகக் குறைந்த தூரத்தில் வையுங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் குழந்தை இருக்கை மாட்டியிருக்கும் வீட்டில் இந்த வசதியே வேண்டாம். குழந்தை வளர்ந்தபின் எழுப்பிக்கொள்ளலாம். சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில், குடம், தேங்காய்ப் பை வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். தட்டுப்பட்டு நிற்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் திணறுகிறது.

13. ஒருமுறை தட்டினால் போதும் என்ற மாற்றத்தை யோசித்துச் செய்யுங்கள். பல கார்களில் நினைவுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டுமே சீட் நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும். ஆபத்து என்று தெரிந்த கணத்திலேயே நிறுத்துவதற்காக வைத்த ஏற்பாடு அது. சிறு பிள்ளைகள் பட்டனை அழுத்தி விளையாடும் வீட்டில் அதை அப்படியே விட்டுவிடலாம்.

14. கடற்காற்றும் மணலும். சில்வர் பீச்சுக்குப் போய்வந்த காரில், பாயைத் தட்டினாலும் போகாத மணல் சீட் தண்டவாளத்தில் தங்கிவிடும். கையால் எப்போதாவது நகர்த்தும் சீட்டுக்கு அது பொறுக்கும். தினமும் நான்கைந்து முறை தானாக ஓடும் சீட்டுக்குப் பொறுக்காது. கோடிங் செய்வதற்கு முன் சீட்டை முழுதும் முன்னுக்குத் தள்ளி வேக்குவம் போடுங்கள், பிறகு பின்னுக்குத் தள்ளி முன்பக்கமும் போடுங்கள். தண்டவாளத்தைத் துணியால் துடைத்து, கையேடு அனுமதித்தால் மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். கெட்டியான கிரீஸில் மணல் ஒட்டிக்கொண்டு நிலைமை இன்னும் மோசமாகும். தேவனாம்பட்டினம், முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கரையோர வீடுகளில் நிற்கும் கார்களில் கனெக்டர் ஊசிகள் பச்சை பூத்துப்போவது சகஜம். சீட் ஒருநாள் நகர்ந்து மறுநாள் நகராவிட்டால், கோடிங்கைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் அதைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே இருக்கும்.

15. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருகியபோதும் ஆற்றோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தெருவில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகும்போது முதலில் நனைவது கால்மிதியும் சீட்டின் அடிப்பகுதியும்தான். சீட் பெட்டி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பெட்டிகளெல்லாம் முறுக்கிய இரண்டு வயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறை அது. ஒரு பெட்டியில் தண்ணீர் ஏறினால், அதே வயரில் இருக்கும் மற்ற பெட்டிகளின் பேச்சும் கெடலாம். ஆகவே காரைப் பார்க்கும்போது சீட்டை முன்னும் பின்னும் முழுதாக நகர்த்தி, அடியில் டார்ச் அடியுங்கள். தண்டவாளத் திருகுகளில் துரு, கம்பளத்துக்கு அடியில் வண்டல் நாற்றம், புதிதாக மாற்றிய ஒற்றைக் கனெக்டர் இவற்றில் ஏதாவது தெரிந்தால், கோடிங் ஆசையை மட்டுமல்ல, காரையும் மறந்துவிடுங்கள்.

16. பேட்டரி மாற்றிய பிறகு சீட் தானாக நகரவில்லையா? பெட்டி தன் எல்லைகளை மறந்திருக்கலாம். பல கார்களில் சீட்டை ஒரு முனை வரை ஓட்டி, பட்டனைச் சில நொடிகள் பிடித்திருந்து, மறு முனைக்கும் அதே போலச் செய்தால் சரியாகிவிடும். சரியான முறை கையேட்டில் இருக்கும்.

17. பூட்டுப் போட்ட கார்களும் உண்டு. 2020ஐ ஒட்டி வெளிவந்த சில ஃபோக்ஸ்வேகன் குழும மாடல்களில், நிறுவனத்தின் அனுமதி எண் இல்லாமல் பெட்டிக்குள் எழுத முடியாது. ஜீப் காம்பஸிலும் அப்படி ஒரு காவல் வாசல் உண்டு. உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வாரண்டி மிச்சமிருக்கும் காரில் வெளியாள் கை வைத்தால், நாளை சீட் மோட்டார் பழுதானாலும் சர்வீஸ் சென்டர் கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். வாரண்டி முடியும்வரை முதல் இரண்டு குறிப்புகளோடு நின்றுகொள்வதே என் யோசனை. சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தால், நீங்கள் எழுதிய மாற்றங்கள் அழிந்து பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. அதற்கும்தான் ஒன்பதாம் குறிப்பு.

18. நினைவில் எதைப் பதிவது? பின்புறம் சீட்டில் முழுதாகப் படிய உட்கார்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்காலில் சிறு மடிப்பு மிச்சமிருக்கட்டும். மார்புக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஏர்பேக் அடியில்லாமல் தாங்கும். இந்த நிலையைத்தான் பதிய வேண்டும். உயரம் குறைந்த பெண்கள் காரை மாற்றி ஓட்டும் வீடுகளில், ஒவ்வொரு முறையும் சீட்டைச் சரிசெய்யச் சோம்பி அப்படியே ஓட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. முதல் பட்டனை அவர்களுக்கே கொடுங்கள்.

19. பவர் சீட்டே இல்லாத காரா? வாசலுக்கு வருமுன் முன்சீட்டைக் கையால் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சற்றுச் சாய்த்து, உயரத்தைக் கூட்டிவையுங்கள். பெரியவர்கள் காலை முதலில் உள்ளே வைக்கக் கூடாது. சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக. எந்தக் கோடிங்கையும்விட இது அதிகம் உதவும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் வரும் நாட்களில், தேரோடும் நான்கு வீதிகளுக்குள்ளும் காரைக் கொண்டுபோக நினைக்காமல், வெளியே அகலமான இடத்தில் கதவை முழுதாகத் திறந்து இறக்கிவிடுங்கள்.

20. எந்தப் பெட்டியில், எந்த நாளில், எதை எதுவாக மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஆர்சி நகலோடு வையுங்கள். சர்வீஸுக்கு விடும்போது காட்டுங்கள், காரை விற்கும்போது வாங்குகிறவரிடம் கொடுங்கள். கோடிங் முடிந்ததும், காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முன், வீட்டில் முழங்கால் வலியோடு இருப்பவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட் வேகமாகப் போகிறது, பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் உடனே பழைய எண்ணுக்கே திருப்பிவிடுங்கள்.